முன்பாரம்... பின்பாரம்... மச்சான்!

கல்யாணமான ஆண்களுக்கு வரும் போன்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். லோன் வேண்டுமா என்று கேட்பவை ஒரு வகை. வரும்போது கொத்தமல்லி வாங்கி வரச் சொல்பவை இன்னொரு வகை. மச்சானிடமிருந்து வருபவை மூன்றாவது வகை. முதலாவதைக் 'கட்' பண்ணிவிடலாம். இரண்டாவதை மறந்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவதை ஒன்றுமே செய்ய முடியாது. பேசி முடிக்கிறவரை அவருடைய தங்கை எதிரிலேயே நின்று நம் முகபாவத்தைப் பரிசோதித்துக்கொண்டிருப்பாள்.

என் மச்சானுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. எனக்குக் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் உத்தியோகம். அவர் தேங்காய் எண்ணுவார். நான் வவுச்சர் எண்ணுவேன். போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"மாப்ளே, சனிக்கிழமை உங்களுக்கு லீவுதானுங்க? நம்ம மினி டிராக்டரை ஒட்டன்சத்திரம் கொண்டுபோகோணும். அக்கா தோட்டத்துல முருங்கைக்கு நடுவுல உழவு இருக்குதுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் வாடகைக்குக் கேக்கறாங்க. நீங்க கூட வந்தா ஒரு தெம்பு."

"எதுலங்க மச்சான் கொண்டுபோறீங்க?"

"குட்டியானை சொல்லியாச்சுங்க. ரெண்டாயிரம் ரூபா வாடகை."

குட்டியானை முதுகில் குட்டி டிராக்டர். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா?

"டிராக்டர் எத்தனை கிலோங்க?" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாப்ளே, அதென்ன தக்காளிங்களா, கிலோக் கணக்குல கேக்கறீங்க?"

இங்கேதான் ஸார் விஷயமே இருக்கிறது. டிராக்டர் வாங்கப் போகிறவர் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்கிறார். மானியம் எவ்வளவு என்று கேட்கிறார். மாசத் தவணை, டீசல் குடிக்கிற அளவு, ஏன், கலர்கூடக் கேட்கிறார். எடையை மட்டும் கேட்பதில்லை. வயலுக்குள் ஓடுகிறவரை அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அதை இன்னொரு வண்டியின் மேல் ஏற்றுகிற அன்றைக்குத்தான் எடை என்கிற சமாசாரம் தலைதூக்குகிறது.

மினி டிராக்டர் பார்த்திருப்பீர்கள். ஊரில் சாதாரணமாக ஓடும் நாற்பத்தைந்து குதிரைத்திறன் டிராக்டர் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். இது இருபத்து நாலு குதிரைத்திறன். அகலம் நாலடிக்குள். தென்னை, முருங்கை, காய்கறி என்று வரிசைக்கு நடுவே புகுந்து வரும். பெரிய அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது பொம்மை மாதிரி இருக்கும். அந்தப் பொம்மைத் தோற்றம்தான் ஆளை ஏமாற்றுவது.

"பேசாம ரோட்டுலயே ஓட்டிக்கிட்டுப் போனா என்னங்க?" என்று கேட்டேன்.

"மூணு மணி நேரமாகுமுங்க. டயர் என்னத்துக்காகும்?" என்றார்.

அது நியாயமான பதில். உடுமலையிலிருந்து மடத்துக்குளம், பழனி வழியாக ஒட்டன்சத்திரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். மினி டிராக்டர் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். அதன் பின் டயரில் இருக்கிற பெரிய பெரிய பட்டைகள் மண்ணைக் கவ்விப் பிடிக்கச் செய்தவை. தார் ரோட்டில் தொடர்ந்து ஓட்டினால் தேய்ந்துபோகும். வயலில் பத்து நாள் சம்பாதிப்பதை டயர்க்கடையில் கொடுக்க வேண்டும். ஆக, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எதில் ஏற்றுவது? கேள்வி அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து, தோப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். குட்டியானை ஏற்கெனவே வந்து நின்றது. டிரைவருக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். காதில் ஒயர். "ஏத்திரலாமுங்ணா, போன வாரந்தான் இதுல ஒண்ணே கால் டன் சிமென்ட் அடிச்சேன்" என்றான் பெருமையாக.

நான் டிராக்டருடன் வந்த புத்தகத்தையும் ஒரு டேப்பையும் கேட்டேன். மச்சான் முகம் சுருங்கியது. தோட்டத்து ஆட்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். டவுன் மாப்பிள்ளை டிராக்டருக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறார் என்று ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது. பரவாயில்லை. ஆடிட்டர் சொல்லாததையா இவர்கள் சொல்லிவிட்டார்கள்!

தினசரி காலண்டர் தாளின் முதுகில் நான் போட்ட கணக்கு இது:

புத்தகப்படி டிராக்டர் 800 கிலோ. பின்னால் மாட்டியிருந்த நாலடி ரோட்டவேட்டர் 220. பின் சக்கரம் மண்ணில் வழுக்காமலிருக்க மச்சான் இரண்டு டயரிலும் தண்ணீர் நிரப்பியிருந்தார். பன்னிரண்டு லிட்டர் குடத்தில் சக்கரத்துக்கு நாலு குடம் போனதாம்; அது 96. முன்பக்கம் தூக்காமலிருக்க மாட்டிய இரண்டு இரும்புத் தட்டு 40. டேங்கில் இருபது லிட்டர் டீசல், சுமார் 17. "அப்படியே அக்காவுக்கு ரெண்டு மூட்டை யூரியா போட்டுக்கலாம்" என்று ஓரமாக வைத்திருந்தது, மூட்டை 45 வீதம் 90. ஏற்றுவதற்கான பலகை, கயிறு, கட்டை, ஸ்பேனர் பெட்டி எல்லாம் சேர்த்து 40.

மொத்தம் 1,303 கிலோ!

அக்காவுக்கென்று கட்டி வைத்திருந்த இளநீர்க் குலைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

டாட்டா ஏஸ் என்கிற குட்டியானை 2005-ல் வந்தது. சந்து பொந்தெல்லாம் புகுந்து சிறு வியாபாரிகளை வாழவைத்த வண்டி. அதைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அதன் சுமைத்திறன் முக்கால் டன், அதாவது 750 கிலோ அளவு. ரோட்டவேட்டரைக் கழற்றி, மூட்டையை இறக்கி, டயர்த் தண்ணீரைக் கொட்டி, மச்சானையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனால்கூட வெறும் டிராக்டரே அதைத் தாண்டுகிறது. அடுத்தது நீளம். குட்டியானையின் தொட்டி ஏழடி சொச்சம். டிராக்டர் தனியாக எட்டடி. ரோட்டவேட்டரோடு பத்தடிக்குக் கொஞ்சம் குறைச்சல். பின் கதவைத் திறந்துபோட்டு, மிச்சத்தை வெளியே தொங்கவிட வேண்டும்.

"எல்லாரும் அப்படித்தானுங்ணா கொண்டுபோறாங்க" என்றான் டிரைவர்.

உண்மைதான். எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இதைச் சொன்னதும் மச்சான், "போலீஸ்காரங்க எல்லாம் பூச பந்தோபஸ்துல இருப்பாங்க மாப்ளே, நம்மள யாரு பாக்கறாங்க?" என்றார்.

அவர் வாயாலேயே வந்துவிட்டது, பூசம்! தைப்பூசத்துக்கு இன்னும் சில நாள்தான். நாங்கள் போகிற அதே ரோட்டில்தான் கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து ஜனங்கள் பச்சை வேட்டியும் காவடியுமாகப் பழனிக்கு நடந்து போவார்கள். பகலிலும் நடப்பார்கள், ராத்திரியிலும் நடப்பார்கள். கைக்குழந்தையோடு நடப்பார்கள். செருப்பில்லாத கால், தூக்கமில்லாத கண். அந்த வரிசைக்கு இரண்டடி தள்ளி நாம் 1,303 கிலோ இரும்பைக் கொண்டுபோகப் போகிறோம். இதைத்தான் நான் சொன்னேன். மச்சான் பதில் பேசவில்லை. ஆனால் ஆட்கள் முன்னால் சொன்ன வாடகையைத் திருப்பி அனுப்பவும் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

அப்போதுதான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார் வாயைத் திறந்தார். எழுபத்தெட்டு வயசு. டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் வாலிபத்தில் மாட்டுவண்டியில் உடுமலைச் சந்தைக்குப் பாரம் ஏற்றிப் போனவர்.

"பாரம் எத்தனைங்கறது கெடக்கட்டும் சாமி. எங்க உக்காருது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து வந்து குட்டியானையின் பின் சக்கரத்தைக் கைத்தடியால் தட்டினார்.

"வண்டி கட்டறப்ப அச்சுக்கு முன்னால இருக்கறது முன்பாரம், பின்னால இருக்கறது பின்பாரம். முன்பாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கோணும். ரொம்பப் போனா மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் விழுந்துருச்சுன்னா நுகத்தடி மேல எந்திரிச்சு, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கிப்போடும். பள்ளத்துல ஏறறப்ப மாடு அந்தரத்துல நிக்கும். இவன் வண்டில மூணடி வெளிய தொங்குனா, பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னாலதான?"

பிசிக்ஸ் வாத்தியார் ஒரு வருஷம் கத்தி எனக்குப் புரியாதது, ஒரு நிமிஷத்தில் புரிந்தது. டிராக்டரின் கனமெல்லாம் அதன் பின்பக்கத்தில். பெரிய சக்கரம், அதற்குள் தண்ணீர், அதற்கும் பின்னால் ரோட்டவேட்டர். முன்னோக்கி ஏற்றினால் அவ்வளவும் குட்டியானையின் பின் அச்சைத் தாண்டி வெளியே நிற்கும். சீசாப் பலகை மாதிரி வண்டியின் மூக்கு தூக்கும். முன் சக்கரம்தானே திருப்புகிற சக்கரம்? அது தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும். டிரைவர் பையனுக்கு அது சுகமாகக்கூட இருக்கும், ஒரு திருப்பம் வருகிறவரை. பிரேக்கும் அப்படித்தான். முன் சக்கரத்தில் எடை இல்லையென்றால் பிடிப்பும் இல்லை.

மாட்டின் கழுத்து இறுகினால் மாடு கத்தும். வண்டி கத்தாது. அதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இந்த மாதிரி மினி டிராக்டரைப் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டித்தான் கொண்டுபோகிறார்கள். இதற்கென்றே இரட்டை அச்சு வைத்த பதினாறடி, பதினெட்டடி டிரெய்லர்கள் விற்கின்றன. அவர்கள் சொல்லும் கணக்கு, மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது. குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். கூடினால் இழுக்கிற வண்டியின் பின்பக்கம் அமுங்கும். டிரெய்லரின் நீளத்தைத் தேர்ந்தெடுப்பதே டிராக்டரை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த இடத்தைப் பிடிப்பதற்குத்தான். என் மாமனார் சதவீதம் சொல்லவில்லை. 'கொஞ்சம் தூக்கலா' என்றார். இரண்டும் ஒன்றுதான்.

"அப்ப பக்கத்துத் தோட்டத்துப் பெரிய டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கலாமுங்களா?" என்று மச்சான் கேட்டார். கௌரவம் கொஞ்சம் இறங்கிவிட்ட அறிகுறி.

பத்தடிக்கு ஆறடி டிரெய்லர். இடம் தாராளம்; பாரமும் தாங்கும். பக்கத்து ஊருக்கென்றால் சரி என்றே சொல்லியிருப்பேன். ஆனால் நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. இதிலும் கிடையாது. இழுக்கிற டிராக்டரின் பிரேக்கை நம்பித்தான் பின்னால் வருகிற எல்லா எடையும் நிற்க வேண்டும். இறக்கத்தில் அது முன்னாலிருப்பதைத் தள்ளும். அந்த ஜன நெரிசலில் அறுபது கிலோமீட்டர் அப்படிப் போவது வேண்டாம் என்று மாமனாரே தலையசைத்துவிட்டார்.

"எதுக்கு வம்பு, பதினாலடி லாரியே எடுத்துடலாம்" என்றார் ஆட்களில் ஒருவர். பெரிசாக எடுத்தால் கவலையில்லை என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. அதுவும் சரியில்லை. லாரி, தோப்புக்கு வரும் இட்டேரியில் நுழையாது. இரண்டு பக்கமும் வேலி. மெயின் ரோடு வரை டிராக்டரை ஓட்டிப்போய் அங்கே ஏற்ற வேண்டும். லாரியின் தட்டும் உயரம். உயரம் கூடக்கூட ஏற்றுப் பலகை செங்குத்தாகும். செங்குத்தான பலகையில் டிராக்டர் முன்னோக்கி ஏறினால் முன் சக்கரம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடக்கூடும். தட்டில் இடம் அதிகமிருந்தால், கட்டு தளர்ந்த டிராக்டர் ஓடி விளையாட மைதானமும் அதிகம். வாடகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடைசியில் ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்குகிற, பத்தடித் தட்டு வைத்த பிக்கப் வண்டி ஒன்றை மச்சான் போனில் பிடித்தார். 3,800 ரூபாய். குட்டியானைப் பையனுக்கு வந்த கூலி என்று ஐந்நூறு கொடுத்தோம். அவன் சந்தோஷமாகவே போனான். போகும்போது, "அந்தப் பின்பார விஷயம் நெசமுங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

ஏற்றியதும் ஒரு கலை ஸார். தோப்பு ஓரத்தில் வாய்க்கால் கரை மேடாக இருந்தது. பிக்கப்பைப் பள்ளத்தில் நிறுத்திக் கரையோடு ஒட்டினோம். கரையும் தட்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். நடுவில் பலகை போட்டதும் மேட்டுக்கே வேலையில்லை. மச்சான் டிராக்டரை ரிவர்ஸில் ஏற்றினார். அப்படி ஏற்றியதில் ரோட்டவேட்டரும் பெரிய சக்கரமும் கேபின் பக்கம் போய்விட்டன. டிராக்டரின் லேசான மூக்கு வண்டியின் வால் பக்கம். கனமெல்லாம் அச்சுக்கு முன்னால். மாமனார் சுற்றி வந்து பார்த்து, "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மதிப்பு.

பிறகு, ரோட்டவேட்டரைத் தட்டில் இறக்கி வைத்தோம். தூக்கிய நிலையில் ஹைட்ராலிக்கை நம்பிப் போகக்கூடாது. என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. பிறகுதான் கட்டு. நைலான் கயிறு இழுபடும், தளரும். அதனால் இழுத்து முறுக்குகிற பெல்ட் நாலு, பிக்கப்காரரே வைத்திருந்தார். இரண்டு முன்னால் இழுக்க, இரண்டு பின்னால் இழுக்க. மட்கார்டிலோ ஸ்டியரிங்கிலோ கட்டாமல் அச்சிலும் சட்டத்திலும் கட்டினோம். சடன் பிரேக் போட்டால் டிராக்டர் தன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பலத்தோடு முன்னால் தள்ளும். அதைத் தாங்குகிற இடத்தில்தான் கட்ட வேண்டும்.

உடுமலையில் எடை மேடைக்கும் போனோம். ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன்: முழு வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி நிறுத்தியும் பாருங்கள். காலி வண்டியில் முன் சக்கரம் என்ன காட்டியதோ, அதிலிருந்து குறையக்கூடாது. எங்களுக்குக் கொஞ்சம் கூடவே காட்டியது. மாமனாரின் 'கொஞ்சம் தூக்கலா'வுக்கு ரசீது கிடைத்துவிட்டது. பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்திக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். ஒரு பெல்ட் விரல் நுழைகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. முறுக்கினோம்.

மடத்துக்குளம் தாண்டிச் சாமிக்கூட்டம் அடர்த்தியாகிவிட்டது. முப்பதுக்கு மேல் போகவில்லை. திடீரென்று வரிசையிலிருந்து ஒரு சிறுவன், ஆறு வயசிருக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மோர் கொடுப்பதைப் பார்த்துவிட்டுக் குறுக்கே ஓடிவந்தான். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். பிக்கப் நேராக, ஒரு அடிகூடக் கோணாமல் நின்றது. மச்சான் கை என் தொடையைப் பிடித்திருந்தது. மூன்று நாள் அடையாளம் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். டிராக்டர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சிறுவன் மோரை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவுமே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பழனி வரை யாரும் பேசவில்லை. அப்புறம் மச்சான் மெதுவாக, "ஆயிரத்து எண்ணூறு ரூபாதானுங்க மாப்ளே வித்தியாசம்" என்றார்.

இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்களுக்கு டிராக்டரும் இருக்காது, தோப்பும் இருக்காது. மாற்றல் ஆர்டர் மட்டும் வரும். பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக் என்று ஒரு குடும்பத்தையே குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாறுவீர்கள். ஏற்றுகிறவர்கள் பீரோவைக் கடைசியில் வைத்தால், முதலில் இறக்கலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். கனமானது கேபின் பக்கம், லேசானது வால் பக்கம். ஏற்றும் முன் ஒரு தாளில் எடையைக் கூட்டிப் பாருங்கள். நாம் தினம் ஆபீசில் பார்க்கிற வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம், இந்தக் கணக்கில் தப்பு வந்தால் ஆடிட்டர் வரமாட்டார்.

மச்சான் இப்போது ஊரில் பெரிய நிபுணராகிவிட்டார். யார் வண்டியில் பாரம் ஏற்றினாலும் போய் நின்று பின் சக்கரத்தைத் தட்டி, "முன்பாரம் பாத்தீங்களா?" என்று கேட்கிறாராம். போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எல்லோரும் காரில் கிளம்பினோம். ஏறும்போது என் சகதர்மிணி, "அண்ணா, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள்.

மச்சான் தங்கையை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாங் கண்ணு. நீ முன்னாடி உக்காரு" என்றார்.

கல்யாண வீடு வரை காரில் யாரும் வாய் திறக்கவில்லை.